பிறக்கப்போகும் குழந்தைக்கு எதையெல்லாம் வாங்காமல் இருக்கலாம்: முழுமையான வழிகாட்டி

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. மீதி நேரத்தில் பால் குடிக்கிறது, டயப்பரை நனைக்கிறது, அழுகிறது, தன்னைத் தூக்கிவைத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கிறது. 20, 30 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பது எதுவும் அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அதற்காக நாம் வாங்கிக் குவிப்பதோ ஓர் அறையை அடைத்துவிடுகிறது.

வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் குழந்தைக்காகக் காத்திருப்பவருக்குச் செய்வதற்கு வேறு எதுவும் இல்லாத மாதங்கள் அவை. ஆசையும் பயமும் சேர்ந்து கடைக்கு அழைத்துப் போகின்றன. சிக்கல் வாங்கும் காலத்தில்தான் இருக்கிறது. இன்னும் முகம்கூடப் பார்க்காத ஒரு குழந்தையின் எடை, தூக்கம், பசி, பிடிவாதம் எல்லாவற்றையும் ஊகித்து வாங்குகிறோம். எனவே இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றுதான்: தள்ளிப்போடக்கூடிய எதையும் குழந்தை பிறந்த பிறகு, அதைப் பார்த்து வாங்குங்கள். சில பொருள்களை மட்டும் எப்போதுமே வாங்காதீர்கள். அவை பயனற்றவை மட்டுமல்ல, ஆபத்தானவையும்கூட.

படி 1: ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு தேதி எழுதுங்கள்

உங்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பொருளும் எந்த வயதில் முதன்முதலாகப் பயன்படும் என்று எழுதுங்கள். முதல் ஆறு வாரங்களுக்குப் பிறகு தேவைப்படும் எல்லாவற்றையும் அடித்துவிடலாம். கடைகள் அப்போதும் திறந்திருக்கும்.

இதில் பெரும்பாலானோர் தவறாக ஊகிப்பது வளர்ச்சியின் வேகத்தை. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்துப் பதிவுசெய்த கால எல்லைகள் வியப்பூட்டும் அளவுக்கு அகலமானவை. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலும் நடக்கலாம், 9.2 மாதத்திலும் நடக்கலாம். தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். உயரமான உணவு நாற்காலி, மாடிப்படித் தடுப்பு, முதல் காலணி ஆகியவற்றை இந்த எல்லையின் எந்த முனையை நம்பி இப்போதே வாங்குவது? குழந்தை உட்காரத் தொடங்கியதும் நாற்காலியை வாங்கலாம். உருண்டு நகர்வதைப் பார்த்ததும் தடுப்பைப் பொருத்தலாம்.

உணவு தொடர்பான பொருள்களும் அப்படியே. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தண்ணீர்க் குவளை, கிண்ணம், சிறு கரண்டி எதற்கும் அதுவரை வேலை இல்லை. குழந்தை உணவை வேகவைத்து அரைத்துத் தருவதற்கென்றே விற்கும் இயந்திரத்துக்கு அதற்குப் பிறகும் பெரிய வேலை இருப்பதில்லை. நன்றாக வெந்த காயை முள்கரண்டியால் மசித்தாலே போதும். சில வாரங்களில் குழந்தை அதைவிடக் கெட்டியான உணவுக்குப் பழகிவிடும்.

படி 2: தூக்கத்துக்கென்று விற்பவற்றை முதலில் நீக்குங்கள்

அதிகப் பணம் செலவாகும் இடம் இது. அதிக ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அதனால் இந்தப் படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

குழந்தை தூங்க வேண்டிய இடம் உறுதியான, தட்டையான பரப்பு. அதன் மேல் இறுக்கமாகப் பொருந்திய ஒரு விரிப்பு. மல்லாந்து படுத்த குழந்தை. அவ்வளவுதான். தலையணை, மெத்தென்ற போர்வை, பஞ்சு பொம்மை, தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு, குழந்தை புரளாமல் இருபுறமும் அணைத்துப்பிடிக்கும் திண்டு, எடை சேர்த்த போர்வை எதுவும் தூங்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தன் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்கிறது. காரணம் எளியது. முகம் மென்மையான ஒன்றில் புதைந்தால், தலையைத் தூக்கித் திருப்பும் வலு இளங்குழந்தைக்குக் கிடையாது. தான் வெளியேவிட்ட காற்றையே மீண்டும் மீண்டும் சுவாசிக்க நேரிடும்.

விளம்பரப் படங்களில் வரும் அழகான தொட்டில் தொகுப்பில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். விரிப்பு ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே மேற்கண்ட பட்டியலில் இருக்கும். தொகுப்பை விட்டுவிட்டு விரிப்புகளை மட்டும் மூன்றோ நான்கோ வாங்குங்கள்.

குழந்தையைச் சாய்வாகப் படுக்கவைக்கும் கட்டில்கள் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. சாய்ந்த நிலையில் குழந்தையின் கனமான தலை முன்னோக்கிச் சரிந்து, தாடை நெஞ்சில் ஒட்டி, மூச்சுக்குழல் குறுகலாம். ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் தன் 'ராக் அன் ப்ளே' சாய்வுக் கட்டில்கள் சுமார் 47 லட்சத்தை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. அதற்குள் 30க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்புகள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தன. அது சுமார் பத்தாண்டு காலம் கடைகளில் தாராளமாக விற்ற பொருள். 2022இல் அமெரிக்கா இத்தகைய சாய்வுக் கட்டில்களையும் தொட்டில் மெத்தைத் தடுப்புகளையும் சட்டப்படி தடைசெய்தது. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது என்று கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தலையின் வடிவத்தை உருண்டையாக்கும் என்று விற்கும் தலையணைகளையும் வாங்க வேண்டாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் இவை குறித்து எச்சரித்தது. பின்தலை தட்டையாவது பல குழந்தைகளுக்கு நேர்வதுதான். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது குப்புறப் படுக்கவைத்துப் பழக்குவதும், தூக்கிவைத்திருப்பதும் அதைக் குறைக்கும். கவலையாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தையை இறுக்கிச் சுற்றும் உறைகளில் ஒன்றிரண்டு போதும். குழந்தை புரள முயலும் அறிகுறி தெரிந்த நாளிலேயே அவற்றை நிறுத்திவிட வேண்டும். பலருக்கு அது மூன்று, நான்கு மாதத்திலேயே வந்துவிடுகிறது.

படி 3: வாக்கர், கழுத்து மிதவை, பல் முளைக்கும் மாலை

சக்கரம் வைத்த வாக்கர் குழந்தைக்கு நடக்கக் கற்றுத்தருவதில்லை. உட்கார்ந்தபடி கால்நுனியால் தரையை உந்துவது நடையாகாது. நடப்பதற்குத் தேவையான சமநிலையைக் குழந்தை தரையில் விழுந்து, எழுந்து, பிடித்து நின்றுதான் பழகுகிறது. வாக்கர் அந்த நேரத்தைக் குறைத்துவிடுகிறது. ஆபத்தோ பெரிது. நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேலான வேகத்தில் அது ஓடும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவராலும் எட்டிப் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கு உட்பட்ட 2,30,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் காயங்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தனர். பெரும்பாலானவை தலையிலும் கழுத்திலும் பட்ட காயங்கள். முக்கியக் காரணம் மாடிப்படியில் உருண்டு விழுந்தது. கனடா 2004இல் வாக்கர்களின் விற்பனையையே தடைசெய்துவிட்டது. அதற்குப் பதிலாக உங்கள் குழந்தைக்குத் தேவைப்படுவது தரையில் ஒரு விரிப்பும் கொஞ்சம் இடமும்தான்.

கழுத்தில் மாட்டி நீரில் மிதக்கவிடும் காற்று வளையம் படத்தில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதனால் மரணமும் நேர்ந்திருக்கிறது. வேண்டவே வேண்டாம். குளியல் தொட்டிக்குள் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கையும் அதே வகை. அது இருக்கிற தைரியத்தில் பெரியவர் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்புகிறார். சில சென்டிமீட்டர் ஆழ நீரே குழந்தை மூழ்கப் போதும்.

பல் முளைக்கும் வலிக்கு என்று விற்கும் மணிமாலைகள் கழுத்தை இறுக்கலாம், அறுந்து மணி தொண்டையில் சிக்கலாம். பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஈறு ஜெல்லும் கூடாது. அரிதாக, ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனையே அது குறைத்துவிடுகிறது. குளிர்ந்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுப்பதும், கழுவிய விரலால் ஈறை மெல்லத் தேய்ப்பதும் போதுமானவை.

பவுடரும் இந்த வரிசையில்தான் வருகிறது. பிரச்சினை, குழந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் நுண்துகள். டால்க் ஆனாலும் சோளமாவு ஆனாலும் தூள் தூள்தான். டயப்பர் இடத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, சற்று நேரம் காற்றாட விடுங்கள். சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவலாம்.

படி 4: பால் கொடுக்கும் பொருள்களில் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்

தாய்ப்பாலா, பவுடர் பாலா, இரண்டும் கலந்தா என்பது பல வீடுகளில் முதல் இரண்டு வாரத்தில்தான் தெளிவாகிறது. அதற்கு முன் ஒரு டஜன் பாட்டில்கள் வாங்குவது வெறும் ஊகம். புட்டிப்பால் கொடுப்பதாக முடிவே செய்திருந்தாலும், வெவ்வேறு வகையில் இரண்டு பாட்டில்களை மட்டும் வாங்குங்கள். பிடிக்காத ரப்பர் காம்பை மறுக்கும் குழந்தைகள் உண்டு. எதை ஏற்றுக்கொள்கிறதோ அதில் மேலும் சிலவற்றை வாங்கிக்கொள்ளலாம்.

பாட்டில்களில் கிருமி நீக்கும் மின் ஸ்டெரிலைசர் செய்வதை ஒரு பாத்திரமும் அடுப்பும் செய்யும். பாட்டிலின் பாகங்களைப் பிரித்து, சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, கொதிநீரில் மூழ்கவைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதக் குழந்தை, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தை ஆகியோருக்கு இதை நாள்தோறும் செய்வது முக்கியம். ஒரு நாளில் எட்டுப் பத்து முறை புட்டிப்பால் கொடுக்கும் வீட்டில் ஸ்டெரிலைசர் உண்மையாகவே கைவேலையைக் குறைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலை வந்த பிறகு வாங்குங்கள். பால் சூடாக்கும் கருவிக்கு அந்தச் சலுகைகூட இல்லை. வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள். பால் சீராகச் சூடாகாமல் ஆங்காங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும்.

தாய்ப்பால் பம்பைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்து தனிப் பிரிவில் இருக்கும் குழந்தையின் தாய்க்கும், விரைவில் வேலைக்குத் திரும்பும் தாய்க்கும், குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாத நிலையில் இருப்பவருக்கும் அது இன்றியமையாதது. வீட்டிலேயே இருந்து நேரடியாகப் பால் கொடுப்பவருக்கு மார்பு கட்டிக்கொள்ளும் வேளையில் கையால் பீய்ச்சத் தெரிந்தால் போதும். அதை மருத்துவமனையை விட்டு வரும் முன் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பம்பின் புனல் அளவு மார்புக் காம்பின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதால், பால் சுரக்கத் தொடங்கிய பிறகு அளந்து வாங்குவதே சரி. முடிந்தால் பலர் பயன்படுத்தும்படி வடிவமைக்கப்பட்ட மருத்துவமனை வகைப் பம்பை முதலில் வாடகைக்கு எடுங்கள். குழாயும் புனலும் உங்களுக்கென்று புதிதாக இருக்க வேண்டும். ஒருவருக்காகச் செய்யப்பட்ட பம்பைப் பழையதாக வாங்குவது நல்லதல்ல.

பால் கொடுக்கும்போது கைக்கு அணைவாக வைக்கும் வளைந்த தலையணை சிலருக்கு உதவுகிறது. வீட்டிலுள்ள இரண்டு தலையணைகளை ஒரு வாரம் வைத்துப் பார்த்த பின் முடிவெடுங்கள்.

படி 5: உடையையும் டயப்பரையும் எடையைப் பார்த்து வாங்குங்கள்

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைந்து, 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டுகிறது. ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் அது இரண்டு மடங்காகிவிடுகிறது. பிறந்த குழந்தைக்கான டயப்பர் அளவு பொதுவாக நாலரைக் கிலோ வரைதான். நான்கு கிலோ எடையோடு பிறக்கும் குழந்தைக்கு அது சில வாரத்துக்குள் இறுக்கமாகிவிடும். முதல் வாரங்களில் நாளுக்குப் பத்து டயப்பர் என்று கணக்கிட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஒரு பிராண்டு தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவும் வாய்ப்பு உண்டு என்பதால், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மூட்டையாக வாங்குவது வேண்டாம்.

உடைக்கும் இதே கணக்கு. முன்பக்கம் திறக்கும் எளிய பருத்தி உடைகள் ஏழெட்டு இருந்தால் துவைத்து மாற்றிவிடலாம். பெரிய அளவு உடைகளை முன்கூட்டியே வாங்கினால், குழந்தை அந்த அளவுக்கு வளரும்போது பருவநிலை வேறாக இருக்கும். காலணி, நடக்கும்வரை வேண்டாம். நடை பழகும்போதும் வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. கையுறைக்கு நான் எதிரி. கையை வாய்க்குக் கொண்டுபோவது குழந்தை பசியைச் சொல்லும் முதல் மொழி. அதை மூடிவிட்டால் அழுகைவரை காத்திருக்க வேண்டியிருக்கும். உள்ளே பிரிந்த நூல் விரலைச் சுற்றி இறுக்கும் அபாயமும் உண்டு. கீறாமல் இருக்க நகத்தை வெட்டுங்கள் அல்லது ராவுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியும் தேவையில்லை, உடல் மிகையாகச் சூடாகும்.

படி 6: குளியலும் டயப்பர் மாற்றும் இடமும்

சுருக்கமாக முடித்துவிடலாம். இளங்குழந்தைக்கு வாரம் மூன்று குளியல் போதும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனவே சோப்பு, ஷாம்பு, லோஷன் அடங்கிய பரிசுப் பெட்டி மாதக்கணக்கில் தீராது. வாசனையில்லாத மென்மையான ஒன்று போதும். நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்க்கலாம். வைப்ஸைச் சூடாக்கும் கருவி, டயப்பரைப் போட்டு மூடும் தனி வகைக் குப்பைத்தொட்டி இரண்டையும் விட்டுவிடுங்கள். பின்னதற்கு அதற்கென்றே விற்கும் பைகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூடி உள்ள சாதாரணத் தொட்டியைத் தினமும் காலிசெய்தால் நாற்றம் வராது. டயப்பர் மாற்றுவதற்கு உயரமான மேசையைவிடத் தரையில் ஒரு ரப்பர் ஷீட் பாதுகாப்பானது. தரையிலிருந்து குழந்தை விழ முடியாது.

படி 7: பயத்தைத் தணிக்க விற்பவற்றை அடையாளம் காணுங்கள்

குழந்தையின் காலில் மாட்டி ஆக்சிஜனையும் இதயத் துடிப்பையும் அளந்து கைபேசிக்குச் சொல்லும் கருவிகள் பெற்றோரின் மிக ஆழமான அச்சத்தைத் தொடுகின்றன. ஆரோக்கியமான குழந்தைக்குத் தூக்கத்தில் வரும் திடீர் மரண ஆபத்தை இவை குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்பதால், அந்த நோக்கத்துக்காக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. தவறான எச்சரிக்கை ஒலி நள்ளிரவில் எழுப்பும்போது நிம்மதிக்காக வாங்கியதே நிம்மதியைக் கெடுக்கிறது. மருத்துவர் சொல்லி வாங்குவது வேறு. முதல் ஆறு மாதமாவது குழந்தை உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும். அப்படித் தூங்கும்போது கேமரா மானிட்டருக்கும் அவசரம் இருக்காது.

இன்னொன்று, நிற்காத மாலை நேர அழுகைக்கு விற்பவை: கிரைப் வாட்டர், பெருஞ்சீரகச் சொட்டுகள், தனி வடிவப் பாட்டில், அதிரும் ஊஞ்சல். இந்த அழுகை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். உச்சத்தில் தவித்துப்போய் ஒன்றை வாங்குகிறோம், அடுத்த வாரங்களில் அழுகை குறைகிறது, பெருமை அந்தப் பொருளுக்குப் போய்ச்சேருகிறது. அதை வாங்கியவர் மனமார மற்றவருக்குப் பரிந்துரைக்கிறார். ஆறு மாதத்துக்குக் கீழ் பாலைத் தவிர வேறு எதையும் மருத்துவரைக் கேட்காமல் வாயில் ஊற்றாதீர்கள். ஊஞ்சலில் தூங்கிவிட்டால் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள். தாங்க முடியாத அளவுக்குக் களைப்பு வந்தால் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து மூச்சுவிடுவதில் எந்தத் தவறும் இல்லை.

படி 8: மிச்சமான பணத்தை எங்கே போடுவது

காரில் அழைத்துப் போவதாக இருந்தால் பின்னோக்கிப் பொருத்தும் கார் சீட் முதல் நாளிலிருந்தே வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய சீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காலாவதி ஆண்டு அதன் அடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும், பாருங்கள்.

அடுத்தது உறுதியான மெத்தை. தொட்டிலின் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. மூன்றாவது ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், ஆகவே அளவு துல்லியமாக இருப்பது அவசியம். காதில் வைத்து அளப்பது ஆறு மாதத்துக்கு முன் நம்பகமானதல்ல. மென்மையான துணிகளும் நிறைய வேண்டும். பால் கக்குவதைத் துடைப்பதற்கும் விழித்திருக்கும்போது போர்த்துவதற்கும் விரிப்பதற்கும் அவையே ஓயாமல் பயன்படும்.

பின்லாந்து அரசு 1938 முதல் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுத்துவருகிறது. முதலில் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும், 1949 முதல் எல்லோருக்கும். அதில் இருப்பவற்றில் பெரும்பகுதி உடையும் படுக்கைத் துணியும்தான். அடியில் மெத்தையை விரித்தால் அந்த அட்டைப்பெட்டியே குழந்தையின் முதல் படுக்கையாகிவிடுகிறது.

தள்ளுவண்டியை ஒரு மாதம் கழித்து வாங்குங்கள். உங்கள் வீட்டு வாசல் அகலம், படிகள், பஸ்ஸில் ஏற்றும் வசதி இவை எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். குழந்தையை நெஞ்சோடு கட்டிச் சுமக்கும் பையை, முடிந்தால் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடை நெஞ்சில் படியாமல் முதுகு தாங்கலாக இருக்க வேண்டும்.

படி 9: பரிசுகளும் ஏற்கெனவே வாங்கியவையும்

என்ன வேண்டும் என்று கேட்கிற உறவினரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு வாரச் சமையல், துணி துவைத்துத் தருவது, நீங்கள் தூங்கும் இரண்டு மணி நேரம் குழந்தையைத் தூக்கிவைத்திருப்பது ஆகியவை எந்தப் பொருளையும்விடப் பெரிய உதவி. பொருளாகத்தான் தருவேன் என்பவரிடம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் டயப்பர் கேட்கலாம்.

வந்து குவிந்தவற்றின் பெட்டிகளைப் பிரிக்காதீர்கள், ரசீதைச் சேர்த்துவையுங்கள், மாற்றித் தரும் கடைசித் தேதியை வெளியே எழுதி ஒட்டுங்கள். ஒரு பொருள் தேவைப்படும் தருணம் மூன்று முறை வந்தால் பிரிக்கலாம். வராதவற்றைத் தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல நிலையில் உள்ள உடை, பாத்திரம், பொம்மைகளை அடுத்த குழந்தைக்குத் தாராளமாகத் தரலாம்.

வாக்கர், சாய்வுக் கட்டில், தொட்டில் மெத்தைத் தடுப்பு, கழுத்து வளையம் ஆகியவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். வாக்கரின் சக்கரங்களைக் கழற்றி, துணி இருக்கையைக் கிழித்து, வளையத்தை வெட்டி, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்த பிறகு குப்பையில் போடுங்கள்.